முள்ளெலி வராமல் போன தோட்டம்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உட்பட்ட தோட்டம் பிரிட்டனின் புறநகர் ஒன்றில், சுவரோடு சுவர் ஒட்டிய ஆறு வீடுகளின் வரிசையில், மூன்றாவது வீட்டின் பின்புறம் இருக்கிறது. அதன் நீளம் 14 மீட்டர், அகலம் 7 மீட்டர். பாதிக்கு மேல் புல்தரை, ஓர் ஓரத்தில் காய்கறிப் பாத்தி, கடைசியில் ஒரு சிறு குளமும் மரக்கொட்டகையும் உண்டு. ஆறு தோட்டங்களுக்கும் பின்னால் உயரமான செங்கல் சுவர் ஓடுவதால் அந்தப் பக்கமிருந்து எதுவும் நுழைய முடியாது. ஆறாவது தோட்டத்தை ஒட்டி மட்டும், புதர் மண்டிய பழைய இடுகாடு ஒன்று உள்ளது. நிகழ்வைப் புரிந்துகொள்ள இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொள்வது அவசியம். ஏனெனில், சிக்கல் எங்கள் தோட்டத்தில் இருப்பதாக நான் இரண்டு மாதங்கள் நம்பியிருந்தேன். அது உண்மையில் இரண்டு வேலி தள்ளி இருந்தது.

முந்தைய மூன்று ஆண்டுகளிலும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏறத்தாழ ஒவ்வோர் இரவும் முள்ளெலி வந்து போயிற்று. காலையில் புல்தரையில் கிடக்கும் கரிய, பளபளப்பான, விரல்நுனி அளவுப் புழுக்கையும், அதற்குள் மின்னும் வண்டுச் சிறகின் துணுக்குகளுமே அதற்குச் சான்று. நான்காம் ஆண்டு பிப்ரவரியில் அடித்த புயலில் மூன்றாம் வீட்டுக்கும் நான்காம் வீட்டுக்கும் இடையிலான மரவேலி சாய்ந்தது. மார்ச்சில் அதற்குப் பதிலாக, அடியில் 30 சென்டிமீட்டர் உயரக் கான்கிரீட் பலகை பதித்த புதிய வேலி எழுந்தது. அந்த ஏப்ரலில் முள்ளெலி வரவில்லை. மே மாதமும் வரவில்லை.

இங்கே விலங்கைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தமிழில் முள்ளெலியையும் முள்ளம்பன்றியையும் குழப்பிக்கொள்வது வழக்கம். முள்ளம்பன்றி கொறிக்கும் விலங்கு. உருவில் பன்மடங்கு பெரியது. முள்ளெலியோ, பெயரில் எலி இருந்தாலும், எலியினத்தைச் சேர்ந்ததன்று. மூஞ்சூறுக்கு நெருங்கிய உறவு. வண்டு, புழு, மண்புழு ஆகியவையே அதன் முதன்மை உணவு. தமிழகத்தின் வறண்ட நிலங்களில் வாழும் முள்ளெலி வேறோர் இனம். இங்கு பேசப்படுவது ஐரோப்பிய முள்ளெலி. வளர்ந்த ஒன்றின் முதுகில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முட்கள் இருக்கும். குட்டைக் கால்களைக் கண்டு நாம் தவறாக மதிப்பிட்டுவிடுகிறோம். உண்மையில் அது ஓர் இரவில் ஒன்று முதல் இரண்டு கிலோமீட்டர் வரை நடக்கும் விலங்கு. ஆகவே 14 மீட்டர் நீளத் தோட்டம் எதுவும் அதற்கு வீடாக இருக்க முடியாது. வழியில் வரும் பல நிறுத்தங்களில் ஒன்றாக மட்டுமே இருக்க முடியும். 2020இல் வெளியான பிரிட்டன் பாலூட்டிகளின் சிவப்புப் பட்டியல் இவ்விலங்கை அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனமாக வகைப்படுத்தியது. கிராமப்புறங்களில் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்துவிட்ட நிலையில், நகர்ப்புறத் தோட்டங்கள் அதன் முக்கியப் புகலிடங்களில் ஒன்றாகியுள்ளன.

முள்ளெலி வராத இரண்டு மாதங்களில் நான் செய்தவை பெரும்பாலும் தவறானவை. அவற்றைச் சற்று விரிவாகவே பதிவுசெய்கிறேன், ஏனெனில் அக்கறையுள்ளவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளும் இவையே. உணவு குறைந்ததால் வரவில்லை என்று முடிவுகட்டி, திறந்த தட்டில் ஒவ்வோர் இரவும் உணவு வைத்தேன். பாலும் ரொட்டியும் கூடாதென்று அறிந்திருந்தேன். முள்ளெலிக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது, வயிற்றுப்போக்கு உண்டாகும். ஆனால் பறவைகளுக்காக விற்கப்படும் உலர்ந்த மாவுப்புழுவைக் கைநிறைய அள்ளி வைத்தேன். மாவுப்புழுவில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. தொடர்ந்து அதையே தின்னும் முள்ளெலியின் எலும்புகள் வலுவிழந்து போகும். சுவை பிடித்துப்போனால் அது வேறு எதையும் தொடாது என்பது இன்னொரு தொல்லை. நல்லவேளையாக, அந்த வாரங்களில் அதைத் தின்ன முள்ளெலி எதுவும் வரவில்லை. தட்டைக் காலிசெய்தது அண்டை வீட்டுப் பூனை என்பதும், அதற்கு முன் ஒரு நரி வந்துபோனது என்பதும், கொட்டகைச் சுவரில் கேமரா பொருத்திய பிறகே தெரிந்தது. உடல் அசைவைக் கண்டு தானே படமெடுக்கும் அந்தக் கேமரா, ஏழு இரவுகளில் பூனையை 31 முறையும் முள்ளெலியை ஒரு முறைகூட இல்லாமலும் பதிவுசெய்திருந்தது.

அதன் பின்னரே வேலியைக் குனிந்து பார்த்தேன். பழைய மரவேலியின் அடிப்பலகை ஓரிடத்தில் உளுத்துப்போய், உள்ளங்கை அகல இடைவெளி இருந்ததும், அதன் இருபுறமும் மண் வழவழவென்று தேய்ந்திருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. புதிய கான்கிரீட் பலகையோ மண்ணுக்குள் நான்கு விரற்கடை இறங்கி, தோட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை விரிசலின்றி நின்றது. முள்ளெலிக்கு ஓரளவு ஏறத் தெரியும், தோண்டவும் தெரியும். ஆயினும் வழவழப்பான கான்கிரீட்டின் முன் அது திரும்பிப் போவதையே வழக்கமாகக் கொண்டது.

முள்ளெலி தாராளமாக நுழையவும், பெரும்பாலான வளர்ப்பு நாய்கள் நுழையாமல் இருக்கவும் 13 சென்டிமீட்டர் உயரமும் 13 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட வழி போதும் என்பது பிரிட்டனில் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. பிரிட்டிஷ் முள்ளெலிப் பாதுகாப்புச் சங்கமும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்கான மக்கள் அறக்கட்டளையும் 2011 முதல் சேர்ந்து நடத்திவரும் இயக்கம், தோட்டத்துக்குத் தோட்டம் இத்தகைய வழிகளைத் திறக்கும்படி மக்களை ஊக்குவிக்கிறது. நான்காம் வீட்டு முதியவரிடம் அனுமதி கேட்டேன். அவருக்கு இரண்டு தயக்கங்கள் இருந்தன: ஒன்று அவருடைய சிறிய நாய், மற்றொன்று எலி. "அரைச் சாணுக்குச் சற்றுக் கூடுதலான ஓட்டை என்கிறீர்கள். எலிக்கு அதில் பாதி போதுமே?" என்று கேட்டார். அவர் சொன்னது சரிதான். எலிக்கு ஓட்டை தேவையே இல்லை, அது வேலியின் மேலேயே ஏறிப் போகும் என்று மட்டும் பதில் சொன்னேன். எலியை வரவழைப்பது ஓட்டையன்று, நான் இரவெல்லாம் திறந்து வைத்த தட்டு என்பதை அவரிடம் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. மே மாத இறுதியில் வாடகைக்கு எடுத்த துளையிடும் இயந்திரத்தால் பலகையில் வட்டமான துளையிட்டு, விளிம்பின் கூரை அரத்தால் மழுக்கினோம்.

இரண்டு வாரங்கள் கடந்தும் முள்ளெலி வரவில்லை. துளையின் வழியே நாள் தவறாமல் வந்தது பூனை மட்டுமே.

இந்தக் கட்டத்தில் நிகழ்வு வேறு திசை பிடித்தது. வழி திறந்தும் விலங்கு வரவில்லையென்றால், ஒன்று அது இறந்திருக்க வேண்டும், அல்லது அது எங்கள் வேலிவரைகூட வந்து சேரவில்லை என்றாக வேண்டும். இரண்டில் எது என்று அறிய, கால்தடக் கூண்டு என்னும் எளிய கருவியைப் பயன்படுத்தினோம். நெளிவுள்ள பிளாஸ்டிக் அட்டையை முக்கோணக் குழாயாக மடித்து, 120 சென்டிமீட்டர் நீளத்துக்கு, வேலியோரமாகக் கிடத்த வேண்டும். நடுவில் சிறிது உணவு. அதன் இருபுறமும் கரித்தூளைச் சமையல் எண்ணெயில் குழைத்துப் பூசிய பட்டைகள். இரு முனைகளிலும் வெள்ளைத் தாள்கள். உணவுக்காக நுழையும் விலங்கு கரியை மிதித்து, தாளில் தன் முத்திரையைப் பதித்துவிட்டுப் போகும். ஓரிரவு பார்த்துவிட்டு முடிவுக்கு வருவதைவிடத் தொடர்ந்து 5 இரவுகள் வைப்பதே முறை. நான்கு, ஐந்து, ஆறு ஆகிய மூன்று வீட்டாரின் இசைவோடு ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கூண்டு வைத்தோம்.

ஆறாம் வீட்டில் முதல் இரவே தடம் கிடைத்தது. ஐந்தாம் வீட்டில் இரண்டாம் இரவு கிடைத்தது. அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன்: முன்காலின் தடம் விரல்களை விரித்துவைத்த குழந்தையின் கைபோல அகலமாகவும், பின்காலின் தடம் அதைவிட ஒடுக்கமாகவும் நீண்டும் பதிந்திருக்கின்றன, ஒரு மூலையில், நின்று முகர்ந்திருக்க வேண்டும், தடத்தின் மேல் தடம் விழுந்து கரி அப்பியிருக்கிறது. பூனையின் தடம் வட்டமானது, நான்கு விரல் கொண்டது. இரண்டையும் ஒருமுறை அருகருகே பார்த்தவருக்கு மறுமுறை ஐயம் வராது. நான்காம் வீட்டுக் கூண்டிலோ ஐந்து இரவுகளும் பூனைத்தடம் தவிர எதுவுமில்லை.

ஆக, விலங்கு உயிரோடு இருந்தது. ஐந்தாம் தோட்டம்வரை வந்து திரும்பிக்கொண்டிருந்தது. நான்காம் வீட்டுக்கும் ஐந்தாம் வீட்டுக்கும் இடையிலான வேலியும் அதே புயலில் சாய்ந்ததும், அதே பணியாளர்கள் அதே வகைப் பலகையை அங்கும் பதித்திருந்ததும் அதற்குப் பின்தான் எங்கள் பேச்சில் வெளிப்பட்டன. ஐந்தாம் வீட்டார் புதிய பலகையில் துளையிட விரும்பவில்லை. அது அவர்கள் உரிமை, அதற்காக வாதிடவில்லை. மாற்றாக, பலகைக்கு அடியில் மண்ணைத் தோண்டி, இருபுறமும் மெல்லச் சரியும் பள்ளமாக்கி, பக்கங்கள் சரியாமல் இருக்கச் செங்கல் நிறுத்தி வழி அமைத்தோம். மழை பெய்தால் நீர் தேங்காமலிருக்க அடியில் சரளைக்கல் பரப்பினோம். ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் வேலை அது, காசு செலவில்லை. ஒன்பதாம் இரவு, 11 மணி 42 நிமிடத்துக்கு, எங்கள் கொட்டகைக் கேமராவில் முள்ளெலி பதிவாயிற்று. குளத்தை ஒட்டி நடந்து, புல்தரையில் இரண்டு முறை மூக்கை நுழைத்து எதையோ மென்றுவிட்டு, நான் வைத்திருந்த உணவைத் தொடாமலே திரும்பியது.

உணவு தேவையில்லை என்று இதிலிருந்து முடிவுகட்டக்கூடாது. நீண்ட வறட்சியில் மண் இறுகி மண்புழு ஆழத்துக்குப் போய்விடும்போதும், குளிர்காலத்துக்கு முந்தைய வாரங்களிலும் கூடுதல் உணவு உதவும் என்பதே என் கருத்து. ஆனால் அது துணை உணவு மட்டுமே. இறைச்சி சார்ந்த பூனைத் தீனியைச் சிறிதளவு, ஒரு மூடிய பெட்டிக்குள், 13 சென்டிமீட்டர் வாசலும் உள்ளே ஒரு தடுப்பும் வைத்துக் கொடுக்கத் தொடங்கினேன். வாசலில் நுழைந்ததும் நேரே போக முடியாமல் பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருப்பதால் பூனையின் கை உணவை எட்டுவதில்லை. காலையில் மிச்சத்தை அகற்றி, தட்டைக் கழுவி வைப்பது கட்டாயம்; பல முள்ளெலிகள் ஒரே தட்டில் தின்னும் இடத்தில் நோய் எளிதாகப் பரவும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஆழமற்ற கிண்ணத்தில் தண்ணீர். பதிவுகளைப் பார்க்கும்போது, கோடையில் உணவுப் பெட்டிக்குப் போகாத இரவுகளிலும் அவை தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றன.

வழி திறந்ததால் விலங்கு வந்தது. வந்ததால் எங்கள் தோட்டத்தின் ஆபத்துகளும் அதற்கு வந்து சேர்ந்தன. ஜூலையில் ஒரு நாள் காலை, பட்டாணிக் கொடிக்காகக் கட்டிய நைலான் வலையின் தரையைத் தொட்ட பகுதியில் வளர்ந்த முள்ளெலி ஒன்று சிக்கியிருந்தது. அஞ்சினால் சுருண்டு உருளுவது அதன் இயல்பு. வலைக்குள் உருள உருள இழைகள் மேலும் இறுகுகின்றன. பின்காலைச் சுற்றி ஓரிழை ஊனுக்குள் பதிந்திருந்தது. கத்தரித்து எடுத்ததும் ஓடவிடத் தோன்றிற்று, ஓடவிடக் கூடாது. இறுகிய இடத்தில் இரத்த ஓட்டம் தடைபட்டுச் சதை அழுகுவது சில நாள் கழித்தே வெளிப்படும் என்பதால், அட்டைப்பெட்டியில் வைத்துக் காட்டுயிர் மீட்பு நிலையத்தில் சேர்த்தோம். பத்து நாள் கழித்து அது திரும்பிவந்தது. அந்த வலை இருந்த இடத்தில் இப்போது குச்சிகள் நிற்கின்றன. வலையே வேண்டுமென்றால் அடி விளிம்பு தரையிலிருந்து ஒரு சாணாவது உயர இருக்க வேண்டும். இது முழுக்க என் கவனக்குறைவு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளத்தின் செங்குத்தான ஓரத்தில் கற்களை அடுக்கிப் படி அமைத்தோம். முள்ளெலி நன்றாக நீந்தும், ஏற வழியில்லாதபோது சோர்ந்து மூழ்கும். மெட்டல்டிஹைடு கலந்த நத்தைக்கொல்லியை வெளியில் பயன்படுத்த 2022 ஏப்ரல் முதல் பிரிட்டனில் தடை இருக்கிறது. கொட்டகையில் மிஞ்சிக் கிடந்த பழைய பெட்டியைக் கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைத்தோம். உயர்ந்த புல்லை, நைலான் இழை சுழன்று வெட்டும் கருவியால் வெட்டுமுன் கையால் விலக்கிப் பார்ப்பது வழக்கமாயிற்று. ஏனெனில் பகலில் உறங்கும் முள்ளெலி இரைச்சல் கேட்டு ஓடுவதில்லை, சுருண்டுகொள்கிறது. தானே ஓடும் புல்வெட்டியைப் பற்றிய 2021ஆம் ஆண்டு ஆய்வு, ஏற்கெனவே இறந்த முள்ளெலிகளை வைத்து 18 வகை இயந்திரங்களைச் சோதித்தது. அவற்றுள் எதுவும் உடலைத் தொடாமல் விலங்கை அறிந்துகொள்ளவில்லை. அத்தகைய இயந்திரம் வைத்திருக்கும் ஆறாம் வீட்டாரிடம், அதைப் பகலில் மட்டும் ஓடவிடும்படி கேட்டுக்கொண்டோம், உடனே இசைந்தார்கள்.

அக்டோபர் இரண்டாம் வாரம், நண்பகல் வெயிலில், புல்தரை நடுவே ஒரு குட்டி நின்றது. நின்றது என்பதைவிட, நிற்க முயன்று ஆடிக்கொண்டிருந்தது எனலாம். பகலில் வெளியே காணப்படும் முள்ளெலி, கூட்டுக்குப் பொருள் சேர்க்கும் தாயாக இல்லாவிட்டால், பெரும்பாலும் நோயுற்றதே. கையுறையோடு எடுத்துச் சமையலறைத் தராசில் வைத்தபோது 312 கிராம் காட்டியது. குளிர்கால உறக்கத்தைத் தாண்ட ஏறத்தாழ 450 கிராமாவது வேண்டும் என்பது மீட்பு நிலையங்கள் பின்பற்றும் அளவு. பிந்திப் பிறந்த ஈற்றின் குட்டிகளுக்கு அந்த எடையை எட்டக் காலம் போதாது. உயரமான பெட்டியில் துண்டு விரித்து, வெந்நீர் நிரப்பி நன்றாகத் துணி சுற்றிய புட்டியைப் பக்கத்தில் வைத்து, உடல் சூடேறும்வரை உணவு கொடுக்காமல், அதே பிற்பகல் நிலையத்தில் சேர்த்தோம். குளிர்ந்துபோன உடலுக்கு உணவு ஊட்டுவது உதவியாகாது, செரிக்கும் ஆற்றல் அதற்கு அப்போது இருப்பதில்லை. நுரையீரல் புழுத் தொற்று இருந்ததாகப் பின்னர் தெரிவித்தார்கள். ஏப்ரலில், 740 கிராம் எடையோடு, அதே தோட்டத்தில் அந்தி வேளையில் விடுவித்தோம். கொண்டுபோனபோது பெட்டியின் ஒரு மூலை போதுமாக இருந்தது அதற்கு.

குளிர்காலத்துக்காகக் கொட்டகைக்குப் பின்னால் மரப்பெட்டி ஒன்று வைத்தோம். சருகுகளை அதற்குள் திணிக்காமல் அருகில் குவித்து மட்டும் வைத்தோம். முள்ளெலி சருகுகளை வாயில் கவ்விக்கொண்டுவந்து, உள்ளே புகுந்து, தன் உடலைச் சுழற்றிச் சுழற்றி அடுக்கடுக்காகப் படியவைத்துத் தானே கூட்டைக் கட்டிக்கொள்கிறது. மழை நுழையாத அந்த அடுக்கை நம் கை அமைத்துவிட முடியாது. நவம்பர் நடுவில் வாசலில் ஒரு காய்ந்த இலையைச் சாய்த்து வைத்தேன். மூன்று நாள் கழித்து அது உள்பக்கமாக இழுக்கப்பட்டிருந்தது. அதன் பிறகு பெட்டியைத் திறக்கவில்லை. உறக்கத்தின்போது இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 190 என்ற அளவிலிருந்து 20 வரை இறங்கும். இடையில் எழுவது இயல்பே என்றாலும், ஒவ்வொரு முறை எழும்போதும் சேமித்த கொழுப்பில் ஒரு பகுதி செலவாகிவிடுகிறது. எனவே நம்மால் எழுப்பப்படுவது அதற்கு வீண் செலவு. ஜனவரியில் ஒரு வெதுவெதுப்பான வாரத்தில் வாசலில் புதிய புழுக்கையும் தண்ணீர்க் கிண்ணத்தருகே தடமும் காணப்பட்டன. பிறகு மார்ச் இறுதிவரை அசைவில்லை.

இந்த நிகழ்வின் வரம்புகளையும் சொல்ல வேண்டும். வந்த முள்ளெலிகள் எத்தனை என்பதை உறுதியாகக் கூற முடியாது. ஒரே இரவில் இரண்டு ஒன்றாகப் பதிவானதால் குறைந்தது இரண்டு என்று மட்டுமே சொல்லலாம். அடையாளத்துக்காக முட்களில் வண்ணம் பூசவில்லை. அது ஆய்வாளர்கள் பயிற்சியோடு செய்யும் வேலை. இரண்டாம் வழி திறந்த ஒன்பதாம் இரவு விலங்கு வந்ததற்கு அவ்வழி மட்டுமே காரணம் என்று கண்டிப்பாக நிறுவவும் இயலாது. எனினும் அந்தப் பள்ளத்தின் செங்கலில் இரண்டாம் ஆண்டு முடிவில் காணப்பட்ட, முட்கள் உரசி உரசி விழுந்த மெல்லிய கீறல்களை நான் சான்றாகக் கொள்கிறேன்.

நான்காம் வீட்டு முதியவர் தம் நாயைப் பற்றிக் கவலைப்பட்டது வீண்போகவில்லை. நாய் துளையில் தலையை மட்டும் நுழைத்து, ஒரு முள்ளெலியை நேருக்கு நேர் சந்தித்து, மூக்கில் குத்து வாங்கிக்கொண்டு திரும்பியது. அதன் பிறகு அந்தப் பக்கமே போவதில்லை. இந்த வசந்தத்தில் இரண்டாம் வீட்டார் தங்கள் வேலியிலும் வழி அமைக்கக் கேட்டார்கள். அது மரவேலி என்பதால் ஒரு கைவாளே போதுமானதாக இருந்தது. அங்கு வைத்த கூண்டின் முதல் மூன்று தாள்களிலும் வட்டமான, நான்கு விரல் தடங்களே பதிந்துள்ளன. இன்னும் இரண்டு இரவுகள் இருக்கின்றன.